எட்டுக்குள் ஆறரை

ராயபுரம்
27-5-2025, செவ்வாய்

மகிமா,

நலமா? சுஜாவும் கைக்குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்?

இதை ஷரீஃபுன்னிசா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். உனக்குப் பட்டன் கட்டித் தருகிறவர்கள், செவ்வாயும் வெள்ளியும் நீ தைத்த துணியை வாங்க எண்ணூருக்கு ரயில் ஏறுகிறார்கள். கவரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்கள். "இன்னா நைனா, ஏழெட்டு ஸ்டேஷன் தள்ளி கீற பொண்டாட்டிக்கு லெட்டரா? உன் போன் இன்னா கடல்ல வுயுந்துட்ச்சா?" என்று வாசலில் நின்று கத்தினார்கள். தெருவே சிரித்தது.

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. வாட்ஸ்அப்பில் போட்டால் உன் தங்கை சுஜாவின் பெரிய மகள் படித்துவிட்டு எனக்குப் பூனைப் படம் அனுப்புகிறாள். அதனால்தான் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கட்டிங் மேசை இப்போது மேசையாக இல்லை.

கோபப்படாமல் கடைசி வரை படி. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ஜூன் பதினாலு வரை காசிமேட்டில் ஒரு விசைப்படகும் கிளம்பாது. படகு போகாவிட்டால் ஐஸுக்கு ஆளில்லை. கம்ப்ரெசர் எல்லாம் நிறுத்திக் கிடக்கிறது. நான் காலையில் ஐஸ் பேக்டரிக்குப் போய் வால்வுகளைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பதினொரு மணிக்கு வீடு வந்துவிடுகிறேன். வருஷத்தில் இந்த இரண்டு மாதம்தான் எனக்குக் கை ஓய்வு. ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த சப்-வூஃபர் பெட்டியை இப்போது செய்தால்தான் உண்டு.

இது கடையில் விற்கிற மாதிரிப் பெட்டி இல்லை. ஸ்பீக்கர் முன்பக்கம் எவ்வளவு சத்தம் போடுகிறதோ, அவ்வளவு பின்பக்கமும் போடும். சாதாரணப் பெட்டியில் பின்பக்கச் சத்தம் உள்ளேயே அடைந்து வீணாகும். இதில் பின்னால் ஒரு நீளமான சுரங்கம் வைக்க வேண்டும். சத்தம் அதன் வழியாக ஓடி, மறுமுனையில் வாய் வழியாக வெளியே வரும்போது முன்பக்கச் சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். டிரான்ஸ்மிஷன் லைன் என்று பெயர். எனக்கு வேண்டிய அடித்தொண்டைச் சத்தத்துக்குச் சுரங்கம் ஒன்பதரை அடி நீளம் இருக்க வேண்டும். நம் வீடே பத்தடி. அதனால் சுரங்கத்தை மூன்றாக மடித்து ஒரு பெட்டிக்குள் அடக்குகிறேன்.

இதற்குப் பலகை அதிராமல் இருக்க வேண்டும். கடைகளில் பார்த்ததெல்லாம் பிஸ்கோத்து. உன் அப்பா படகு கேபின் கட்டும்போது மிச்சமான எட்டடிக்கு நாலடிப் பலகைதானே உன் மேசை. தட்டிப் பார்த்தேன். அதைப்போல ஒரு பலகை இனி அகப்படாது. அறுத்துவிட்டேன். கால்கள் நாலும் சுவரோரம் பத்திரமாக இருக்கின்றன.

தடைக்காலம் முடிவதற்குள் உனக்குப் புது மேசை போட்டுத் தருகிறேன். எப்போது வருகிறாய்?

அம்புரோஸ்

தலையணையில் ஒன்று குறைந்திருக்கும். சுரங்கத்துக்குள் பஞ்சு அடைக்க வேண்டியிருந்தது.


எண்ணூர்
30-5-2025

அம்புரோஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கடைசி வரை படித்தேன். கோபப்படாமல் படிக்கச் சொல்லியிருந்தீர்கள். அது முடியவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. நாற்பத்து மூன்று யூனிஃபார்ம் பாக்கி. சுஜா வீட்டுத் தரையில் துணியை விரித்து, மண்டியிட்டு வெட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாள் போகட்டும், மேசைக்குத் திரும்பிவிடலாம் என்று மனதில் ஓர் எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தையும் சேர்த்து அறுத்துவிட்டீர்கள்.

அந்த மேசையில் நான் வெட்டினேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம், அதன் கீழே பாய் போட்டுப் படுத்தோம். அப்பா கண்ணை மூடுவதற்கு முந்திய வருஷம் கொடுத்தது. பலகையின் அடிப்பக்கம் தச்சுப் பென்சிலால் என் பெயரை எழுதியிருந்தார், பட்டறையில் வேறு யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று. வீட்டில் இருக்கிற ஆளே தூக்குவார் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த எழுத்து எந்தத் துண்டில் இருக்கிறது என்றாவது பார்த்தீர்களா?

நான் சுஜாவின் பிரசவத்துக்கு வந்திருப்பதாகத் தெருவில் சொல்லி வைத்திருக்கிறீர்களாம். அக்கா சொன்னார்கள். சுஜாவுக்குப் பிரசவமாகி மூன்று வாரத்துக்குப் பிறகுதான் நான் வந்தேன். ஏன் வந்தேன் என்று உங்களுக்குத் தெரியாதென்றால் எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் மிஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் ஏறியது. நகத்தைத் துளைத்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. நீங்கள் எட்டடி தூரத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்து, அட்டையில் பெட்டிப் படம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. நானே இடது கையால் சக்கரத்தைச் சுற்றி ஊசியை மேலே ஏற்றினேன். விரலில் துணியைச் சுற்றி முடித்த பிறகு திரும்பிப் பார்த்து, "டீ போட்டியா?" என்று கேட்டீர்கள்.

மேசை போனது கூடப் பெரிதில்லை என்று எழுத நினைத்தேன். பெரிதுதான். இரண்டும் பெரிது. எப்போது வருவேன் என்று கேட்டிருந்தீர்கள். எதற்கு வர வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மகிமா


ராயபுரம்
3-6-2025

மகிமா,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நீ என்னை அப்படிக் கூப்பிட்டது கல்யாணத்தன்று கோயிலில் ஃபாதர் முன்னால் நின்றபோது மட்டும்தான். மேடையை விட்டு இறங்கும்போதே "யோவ், வேஷ்டி அவுறுது பாரு" என்று சொல்லிவிட்டாய். கோபமாக நாலு வார்த்தை எழுதியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

விரல் எப்படி இருக்கிறது? டிடி ஊசி போட்டாயா? ஊசி ஏறியது எனக்குத் தெரியாது. துணி சுற்றியிருந்ததைப் பார்த்தேன், கத்தரி பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று எனக்குக் கேட்கவில்லை.

உன் பெயரைத் தேடிப் பார்த்தேன். நடுப்பலகையில் இருக்கிறது. பெட்டிக்குள்ளே போய்விட்டது. டார்ச் அடித்துச் சுரங்கத்து வாய் வழியாகக் குனிந்து பார்த்தால் 'கிமா' மட்டும் தெரிகிறது.

பெட்டி வேலையில் ஒரு பேஜாரு. ஸ்பீக்கர் உள்ளே போகவில்லை. ஸ்பீக்கரின் ஆழம் ஆறரை அங்குலம் என்று அதன் காகிதத்திலேயே அச்சடித்திருக்கிறது. அதற்காகச் சுரங்கத்தை எட்டு அங்குலத்துக்குத் தாராளமாக வைத்தேன். ஆனால் பின்னால் இருக்கிற காந்தம் நடுப்பலகையில் போய் இடிக்கிறது. எட்டுக்குள் ஆறரை எப்படி நுழையாமல் போகும்? மறுபடி அளந்தேன், எட்டு. சாப்பிட்டுவிட்டு வந்து அளந்தேன், எட்டுதான்.

என்னோடு வேலை செய்கிற ஃபிட்டர் கோதண்டம் வந்து பார்த்தான். "இன்னா மாமு, கடல் காத்துல ஸ்பீக்கர் ஊதிகிச்சா?" என்றான். அளவில் தப்பு இருக்க வழியில்லை என்று அவனிடம் அடித்துச் சொன்னேன். என் இரும்பு டேப் துருப்பிடித்து வெளியே வராமல் நின்றுவிட்டது. அதனால் மிஷின் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிற உன் இன்ச் டேப்பை எடுத்துத்தான் எல்லாப் பலகையையும் அளந்தேன். உன் டேப்பில் அளந்த ஜாக்கெட் இந்தத் தெருவில் யாருக்காவது பிடிக்காமல் போயிருக்கிறதா?

புது மேசைக்குப் பலகை தேடிக்கொண்டிருக்கிறேன். பொய்யில்லை. கோதண்டத்தைக் கேட்டுப் பார்.

அம்புரோஸ்


எண்ணூர்
6-6-2025

அம்புரோஸ் அவர்களுக்கு,

விரல் ஆறிவிட்டது. டிடி ஊசி போட்டாகிவிட்டது.

உங்கள் கடிதத்தை சுஜாவின் மிஷினில் உட்கார்ந்தபடியே படித்தேன். டேப் வரைக்கும் வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி, தனியா இளிச்சிகினு கீற?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

அந்த டேப்புக்கு முதல் இரண்டு அங்குலம் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் முனையில் இருந்த பித்தளைத் தகடு மிஷினில் மாட்டிப் பிய்ந்தது. நைந்த பகுதியைக் கத்தரித்து எறிந்துவிட்டேன். வேறு டேப் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கை பழகிவிட்டது. டேப் முப்பத்தெட்டு காட்டினால் முப்பத்தாறு என்று எழுதிக்கொள்வேன். இப்போது கழிக்கிறேன் என்று கூட எனக்குத் தெரிவதில்லை, கை தானாக எழுதுகிறது. ஜாக்கெட் எல்லோருக்கும் பிடிப்பதன் ரகசியம் இதுதான்.

உங்கள் எட்டு, ஆறு. உங்கள் பெட்டியில் எல்லாமே இரண்டு அங்குலம் குறைச்சல். எத்தனை தடவை அளந்தாலும் அதே எட்டைத்தான் காட்டும். பலகையின் ஓரத்தில் டேப் முனையை வைத்து, மறுகோடியில் வருகிற எண்ணை மட்டும் பார்த்திருப்பீர்கள். ஆரம்பத்தில் என்ன எண் இருக்கிறது என்று குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

டேப் விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் மட்டும்தானே தொடுகிறேன் என்று இருந்துவிட்டேன். அந்த அளவில் என் தப்பும் உண்டு.

சிரிப்பு முடிந்தது. இப்போது ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுதுங்கள். அன்று கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? எட்டடி. என் தொண்டை ராயபுரம் மார்க்கெட்டுக்கே கேட்கும் என்று நீங்களே கேலி செய்வீர்கள். போன வாரம் போன் செய்தீர்கள். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றேன். "சரி சரி, ரொம்ப சந்தோஷம்" என்றீர்கள். நான் போனை வைத்துவிட்டு அழுதேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

யோசித்துப் பார்க்கையில் இப்படி நிறைய இருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. எது கேட்டாலும் சரி சரி. நான் பேசுவது அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் குரலே பிடிக்காமல் போய்விட்டது போலிருக்கிறது என்று சுஜாவிடம் சொல்லவும் செய்தேன். அது உண்மையானால் எழுதிவிடுங்கள். நான் இங்கேயே ஒரு மிஷின் போட்டுக்கொள்கிறேன். வேறு காரணம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

மகிமா


ராயபுரம்
10-6-2025

மகிமா,

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நீ எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எப்படி இருக்கிறார்கள்? குழந்தை பால் குடிக்கிறது என்று நீ சொன்னதாக நினைத்துத்தான் அன்று சந்தோஷம் என்றேன்.

எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேக்டரியில் முகாம் போட்டு எங்கள் எல்லோருக்கும் காது டெஸ்ட் எடுத்தார்கள். டாக்டரம்மா ஒரு கட்டம் போட்ட தாளில் கோடு கிழித்துக் காட்டினார். கோடு இடது பக்கம் நேராகப் போய், பாதியிலிருந்து மளமளவென்று கீழே இறங்குகிறது. கம்ப்ரெசர் பக்கத்திலேயே பதினாலு வருஷம் நின்றால் இப்படித்தான் ஆகும், போனது திரும்பாது, இனியாவது காதை மூடிக்கொள் என்றார். தடித்த சத்தம் எல்லாம் எனக்கு ஒழுங்காகக் கேட்கும். கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் போய்விட்டது. குக்கர் விசில், குழந்தை அழுகை, உன் குரல்.

நீ பேசுவது சத்தமாக வருகிறது, வார்த்தையாக வருவதில்லை. நேருக்கு நேர் நின்றால் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடிப்பேன். மீதியை நானே போட்டுக்கொள்வேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே இல்லை. போனில் உதடும் இல்லை. அதனால்தான் போனில் சண்டை வருகிறது என்று சொல்லி உனக்குக் கடிதம் போட்டேன். அது பொய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்தத் தாளை நான் யாரிடமும் காட்டவில்லை. பேக்டரியில் தெரிந்தால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயம். உன்னிடம் சொல்லியிருக்கலாம். முப்பத்தொன்பது வயதில் செவிடன் என்று உன் வாயால் கேட்க வெட்கமாக இருந்தது. கேலிக்குச் சொன்னாலும் எனக்கு வலித்திருக்கும். நீ விரலில் ஊசியோடு என்னைக் கூப்பிட்டாய் என்று படித்தபிறகு அந்த வெட்கம் எனக்குக் கேவலமாகத் தெரிகிறது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பத்து நாள் கழித்துத்தான் இதை எழுதத் தைரியம் வந்தது.

இந்தப் பெட்டியும் அதற்காகத்தான். திருவிழாவன்று கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர் கால்கட்டையை மிதிக்கும்போது பெஞ்சு அதிரும் பார், அந்தச் சத்தம் உனக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படியே எனக்கும் கேட்கிறது. மற்றவர்களைப் போலவே எனக்கும் முழுசாகக் கேட்கிற இடம் அது ஒன்றுதான் மிச்சம். வீட்டில் உட்கார்ந்து நீயும் நானும் ஒரே சத்தத்தை ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்று ஆசை. வேறொன்றும் இல்லை.

டேப்பின் முனையைக் குனிந்து பார்த்தேன். முனையிலிருந்து முதலில் வருகிற எண்ணே 'மூன்று'தான். கோதண்டத்திடம் சொன்னேன். தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

உன் அப்பா வேலை செய்த பட்டறையிலேயே கேட்டு, அதே கனத்தில் ஒரு பலகை வாங்கி வந்துவிட்டேன். பழைய கால்களின்மேல் பூட்டியாகிவிட்டது. எட்டுக்கு நாலு. இரவல் இரும்பு டேப்பால் அளந்தேன். இது உன் அப்பா பலகை ஆகாது, எனக்குத் தெரியும். அதை ஒட்டித் திரும்ப மேசையாக்க முடியாது. எல்லாம் இரண்டு அங்குலம் குட்டை. பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சனிக்கிழமை கோதண்டத்தைக் கூப்பிட்டுப் பிரித்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கம்ப்ரெசர் ஓடும்.

இனி நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் எப்படிப்பட்ட ஆளிடம் வருகிறாய் என்று தெரிந்து வர வேண்டும் என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் எழுதினேன்.

அம்புரோஸ்


எண்ணூர்
13-6-2025

யோவ்,

பெட்டியைப் பிரித்தாயானால் நான் வரமாட்டேன். அப்பா என் பெயரை எழுதிய பலகை அதற்குள் இருக்கிறது. அதைத் துண்டு துண்டாகத் தெருவில் போடுகிற வேலை வேண்டாம். கோதண்டத்தை வரவேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் கடிதத்தைச் செவ்வாயன்று படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு வருஷமாக என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாய், நான் அதை வேறு மாதிரி நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். அப்புறம் அழுகை. அப்புறம் மறுபடியும் கோபம். என் டேப் எவ்வளவு குட்டை என்று எனக்குத் தெரியும், அதனால் துணி கெடுவதில்லை. உன் காது எவ்வளவு குட்டை என்று எனக்குச் சொல்லியிருந்தால் நானும் கூட்டிக் கழித்துப் பேசியிருப்பேன். சொல்லாமல் விட்டதில்தான் எல்லாம் கெட்டது. என் குரல் உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் இங்கே இருபத்தைந்து நாள் தரையில் படுத்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நடந்ததைச் சொன்னேன். "அய்ய, அதான் சந்தோஷம்னாரா! நான் சாவணும்னு கீறாரோன்னு நெனச்சேன்" என்கிறார்கள். அன்று தைத்துக்கொண்டே பேசினேன், போன் ஸ்பீக்கரில் இருந்ததை மறந்துவிட்டேன். எல்லாம் கேட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். நீ வந்து ஒரு தடவை அவர்களிடம் நேரில் பேச வேண்டும்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். பாவாடை குட்டையாகிவிட்டால் யாரும் குப்பையில் போடுவதில்லை. கீழே பட்டை கொடுத்துத் தைப்போம். உன் சுரங்கம் ஆறு அங்குலம், ஸ்பீக்கர் ஆறரை. சரிதானே? முகப்பில் ஒரு அங்குலக் கனத்துக்கு மரத்தில் வளையம் வெட்டி ஒட்டு. ஸ்பீக்கரை அதன்மேல் பூட்டினால் ஒரு அங்குலம் வெளியே வந்துவிடும். ஆறுக்குள் ஐந்தரை நுழையும். மூன்று மடிப்பிலும் சேர்த்துச் சுரங்கம் அரை அடி குறையும். சத்தம் கொஞ்சம் மேலே ஏறும், அவ்வளவுதானே? ஏறட்டும். அட்டையில் வெட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்த அட்டையையும் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். நல்ல டேப்பில் அளந்தது.

வளையம் ஒட்டியதும் பெட்டியைப் படுக்கப் போட்டு, புது மேசைக்கு அடியில் என் கால் பக்கமாகத் தள்ளிவிடு. பாய் விரிக்க இடம் குறையும். குறைந்தால் நெருங்கிப் படுத்துக்கொள்வோம்.

நாளை மறுநாள் ஞாயிறு பூசைக்கு முன்னால் வந்துவிடுகிறேன். திங்கட்கிழமை காதுக்கு மிஷின் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பேக்டரியில் தெரிந்தால் தெரியட்டும். காதை மூடுகிற கவசம் வாங்காமல் கம்ப்ரெசர் பக்கம் போனாயானால் அங்கேயே வந்து சண்டை போடுவேன். அதுவும் உனக்குக் கேட்காது, ஆனால் மற்றவர்களுக்குக் கேட்கும்.

இன்னொன்று. நேற்று சுஜா வீட்டுப் பலகைக் கட்டிலைக் குதிகாலால் உதைத்துப் பார்த்தேன். தும் என்று தடித்த சத்தம்தான் வருகிறது. காலி மரப்பெட்டி என்றால் இன்னும் நன்றாக வரும். உனக்குக் கேட்கிற ஜாதிச் சத்தம். அதனால் இனிமேல் தொண்டை கிழியக் கூப்பிடப் போவதில்லை. மேசை முன்னால் உட்கார்ந்தபடி காலால் அப்பா பலகையை உதைப்பேன். நீ எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாலும் தரை வழியாக உனக்கு வந்து சேரும்.

ஒரு உதை என்றால் சோறு ஆயிற்று. மூன்று உதை என்றால் ஊசி ஏறிவிட்டது, போட்டது போட்டபடி ஓடி வா.

இரண்டு உதைக்கு என்ன அர்த்தம் என்று இதில் எழுத முடியாது. அக்கா பிரித்துப் படிக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். நேரில் சொல்கிறேன், விளக்கடியில் நின்று, உன் முகத்தைப் பார்த்து, மெதுவாக.

மகிமா